புதன்கிழமைக் குளியல்

புதன்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் நான் மகளைத் தொடுவதில்லை. அவளுக்கும் அது தெரியும். சாவி திரும்பும் சத்தம் கேட்டதுமே ஓடி வருவாள். வாசல் பக்கத்து வினைல் தரை முடிந்து கார்ப்பெட் தொடங்கும் இடத்தில் ஒரு அலுமினியப் பட்டை இருக்கிறது. அதுவரைக்கும்தான் வருவாள். கால்விரல்களைப் பட்டையின் மேல் வைத்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி நிற்பாள்.

“குளிச்சாச்சா?”

“இன்னும் இல்லடா. இதோ போறேன்.”

“க்விக், அம்மா.”

குளியலறை பட்டைக்கு இந்தப் பக்கமே இருப்பது ஒரு வசதி. தலைக்கு ஊற்றிக்கொண்டு, போட்டிருந்த துணிகளை மெஷினில் திணித்துவிட்டு, மாற்றுடை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் உள்ளே போனபிறகு பட்டையைத் தாண்டலாம் என்பது அவளே வகுத்துக்கொண்ட விதி. நான் குனிய வேண்டும். என் தலையைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரம் கையில் பட்டால்தான் இடுப்பில் ஏறுவாள்.

அவளுக்கு மூன்று வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். “சாப்பிட வா” என்றால் “நாட் ஹங்க்ரி”. “இது யார் தந்தாங்க?” என்றால் “டீச்சர்”. கிண்டி என்று இங்கே சொல்லும் மழலையர் பள்ளியில் கற்ற இங்கிலீஷ். யாரும் சொல்லித் தராமல் அவளாகவே பிடித்துக்கொண்ட தமிழ் அந்தக் ‘குளிச்சாச்சா’ ஒன்றுதான். அதற்குச் சந்தோஷப்படுவதா, இது ஏன் இப்படி ஆனது என்று வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் உடனே தெரிந்துகொள்கிற ஆள் இல்லை நான். அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போகும்போது, கதவைப் பூட்டினேனா என்று யோசிப்பேன்.

புதன்கிழமை மதியம் எங்களுக்கு உடற்கூறியல் வகுப்பு. தங்கள் உடலைப் படிப்புக்காகத் தந்துவிட்டுப் போனவர்கள் அங்கே மேசைகளில் துணி போர்த்திப் படுத்திருப்பார்கள். முதல் நாள் நாங்கள் உள்ளே போவதற்கு முன் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி ஒருவர் தங்கள் மொழியில் பிரார்த்தனை சொன்னார். வெளியே வரும் கதவருகே ஒரு மரக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். இறந்தவர்களோடு இருந்துவிட்டு உயிரோடு இருப்பவர்களிடம் திரும்பிப் போகிறீர்கள், விரும்பினால் கொஞ்சம் தெளித்துக்கொண்டு போங்கள் என்றார்.

எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் கொல்லைப்பக்கமாகப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று வளர்ந்தவள் நான். கிண்ணத்துத் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன். மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் பஸ் எங்கள் வீடு இருக்கும் ஹில்ஸ்பரோவுக்கு வந்து சேர்வதற்குள் அது போதுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. இவர்கள் வழக்கம் இவர்களுக்கு. நம் வழக்கம் நமக்கு. சின்னக் குழந்தை இருக்கிற வீடு. எதற்கு வம்பு, குளித்துவிடலாம்.

“ரெண்டு ஊர்த் தீட்டையும் நீ ஒருத்தியே கழிக்கிறியா?” என்று கணவர் சிரித்தார்.

“தீட்டு இல்லங்க. ஃபார்மலின் வாசனை. குழந்தை மேல ஒட்டிக்கும்.”

“அப்ப துணிய மாத்திட்டு, சோப்பு போட்டுக் கைய கழுவினா போதுமே. தலைக்கு எதுக்கு ஊத்தற?”

நான் மெஷினில் சோப்புத்தூளைக் கொட்டி மூடினேன். அவரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

நான் மருத்துவம் படிக்கவில்லை. மருத்துவம் படிக்க இடம் கிடைப்பதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வித்தியாசத்தை என் அப்பாவுக்கு என்னால் இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. இங்கே முதல் வருடம் பொதுவாக உயிரியல், வேதியியல் எல்லாம் படிக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணையும் நேர்காணலையும் வைத்துத்தான் மருத்துவத்துக்கு ஆள் எடுப்பார்கள். அதில் தவறினால், அறிவியல் பட்டத்தை முழுதாக முடித்துவிட்டு இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம். திருமணமாகி ஆக்லாந்து வந்து, மகள் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கிய பிறகு நான் அந்த முதல் வருடத்தில் சேர்ந்தேன். நேர்காணல்வரை போனேன். இடம் கிடைக்கவில்லை. அப்போது இரண்டாம் வருடத்தில் இருந்தேன். எனக்கு மிச்சம் இருந்தது அந்த இன்னொரு முறை மட்டும்.

அப்பாவுக்குத் திருச்சியில் இது எதுவும் இல்லை. பெண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே தெருவில் எல்லா வீட்டுக்கும் லட்டு போய்விட்டது. என் மகள் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் என்று. அது அப்படி இல்லப்பா என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். “சரிம்மா, சரிம்மா, அங்க பேரு வேற, அவ்வளவுதானே?” என்பார். எதிர் வீட்டு மாமியின் முழங்கால் எக்ஸ்ரே இரண்டு கோணங்களில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். “பாத்துச் சொல்லு, ஆபரேஷன் வேணுமான்னு கேக்கறாங்க.”

இந்த நிலையில்தான் தெற்குத் தீவிலிருந்து அந்த அழைப்பு வந்தது. அங்கேயுள்ள பல்கலைக்கழகத்துக்கு நான்தான் விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பித்தபோது கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கிடைக்காது என்ற தைரியத்தில்தான் விண்ணப்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். நான் இங்கே எழுதி முடித்த பேப்பர்களை ஏற்றுக்கொள்கிறோம், மூன்றாம் வருடத்தை இங்கே வந்து படிக்கலாம், இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்லவும் என்று மின்னஞ்சல் வந்தது. அங்கே வகுப்புகள் சின்னவை. ஆசிரியர்கள் மாணவர்களைப் பேர் சொல்லி அழைப்பார்கள், உடற்கூறியலை ஆழமாகச் சொல்லித் தருவார்கள், அங்கே பட்டம் முடித்தவர்களுக்கு மருத்துவத்தில் நல்ல வாய்ப்பு என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் சொல்கிற ஒன்றை மனசு எளிதில் விடாது.

“போ,” என்றார் கணவர். தட்டில் இருந்த தோசையிலிருந்து தலையை எடுக்கக்கூட இல்லை.

“போன்னா? நான் மட்டுமா?”

“எனக்கு வேலை இங்க. அவளுக்கு கிண்டி இங்க. இப்பத்தான் அழாம போறா. நீ ஒரு வருஷம் போய் முடிச்சிட்டு வா. அங்க மெடிசின்ல சீட் கிடைச்சா அப்பறம் மூட்டை கட்டிக்கிட்டு எல்லாரும் வந்துடறோம். ஒரு வருஷந்தானே?”

“அவ என்னை விட்டு ஒரு ராத்திரி இருந்ததில்லைங்க.”

“நானும் தோசைய விட்டு ஒரு வாரம் இருந்ததில்ல. இருந்துக்கறேன்.”

சிரித்தேன். சிரித்ததும் கண் கலங்கியது. அதைப் பார்த்துவிட்டுத் தோசையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். “நீ படிக்கணும்னுதான் நாம ரெண்டு பேரும் ஆசப்பட்டோம். மறந்துடாத” என்றார்.

அவர் என்னைத் தடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பேன், அல்லது அவர் பேரைச் சொல்லிப் போகாமல் இருந்திருப்பேன். தடுக்காத கணவர் வாய்த்தவளுக்கு முடிவைத் தானேதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து யூனிட் அக்காவும் தடுக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்த்து, சமீபத்தில் வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அவருடைய ஒரே மகன் தெற்கே படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். என் மகளுக்கு அவர் பெரியம்மா. நான் சொல்லி முடிப்பதற்குள் முகம் மலர்ந்துவிட்டது.

“நீ ஒண்டுக்கும் யோசிக்காத பிள்ளை. பகலிலை இவள் என்னோட நிக்கட்டும். கிண்டியிலை இருந்து நான் கூட்டிக்கொண்டு வாறன். என்ன சாப்பிடுவாள்? இடியப்பம் சாப்பிடுவாளோ?”

“சாப்பிடுவாக்கா. ஆனா இன்னும் நான் முடிவு பண்ணல...”

“ஓம் ஓம், யோசி, நல்லா யோசி. நான் அவசரப்படுத்தேல்லை. தமிழும் கதைக்கப் பழக்கிப்போடுவன். நீ திரும்பி வரேக்கை என்னை மாதிரிக் கதைப்பாள் பார்.”

இரண்டு நாள் கழித்துக் கதவைத் தட்டினார். கையில் சின்னக் குழந்தைகள் உட்காரும் மர நாற்காலி. மஞ்சள் வண்ணம் அடித்தது. “இந்தக் கதிரை வடிவா இருந்துது, வாங்கிப்போட்டன். எங்கட வீட்டிலை அவள் இருக்கிறதுக்கு. நீ போனாலும் போகாட்டிலும்,” என்றார். நீ போனால் என்பதைத்தான் அந்த நாற்காலி சொன்னது. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். ஆனாலும் என் குழந்தைக்கு இன்னொரு வீட்டில் நாற்காலி வந்துவிட்டது என்றே அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றிகெட்ட மனசு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வேறு கவலை.

“காலேஜ் மாறப் போறியா? ஏம்மா, மார்க் கொறஞ்சிடுச்சா?”

“இல்லப்பா. நல்ல மார்க்.”

“அப்ப எதுக்கு மாறணும்? டி.சி. ஒழுங்கா குடுப்பாங்களா? படிச்சிக்கிட்டிருக்கற பொண்ணு நடுவுல காலேஜ் மாறினா, என்னமோ நடந்துபோச்சு, அனுப்பிட்டாங்கன்னு நம்ம ஊர்ல பேசுவாங்க. நீ ஒண்ணு பண்ணு. முடிச்சிட்டு மாறு.”

“முடிச்சிட்டா எதுக்குப்பா மாறணும்?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

செப்டம்பர் விடுமுறையில் அந்த ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சனிக்கிழமை திரும்புவது. மகளிடம் சொன்னேன். “அம்மா ப்ளேன்ல போயிட்டு நாளைக்கு வந்துடுவேன்.” “ஓகே,” என்றாள். அவள் ஓகே என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தாலும் பிடித்திருக்காது.

ஊர் அழகாக இருந்தது. குளிர் மட்டும் நம்ப முடியாத குளிர். கல் கட்டடங்கள், அவற்றின் நடுவே ஒரு சிற்றாறு, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு விரையும் பிள்ளைகள். சுற்றிக் காட்ட வந்த மாணவி என்னைவிடச் சின்னவள். உடற்கூறியல் கூடத்தைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து காட்டினாள். பிறகு கஃபேயில் உட்காரவைத்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். கேட்க என்னிடம் நிறைய இருந்தது. நன்றி சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அந்தக் கஃபேயில் தனியாக உட்கார்ந்து காபி குடித்த அரைமணி நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு நிம்மதியாக இருந்தேன். ஏன் இவ்வளவு நிம்மதி என்று யோசித்தபோது காரணம் கிடைத்தது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது.

ஆக்லாந்தில் கோவிலுக்குப் போனால் சர்க்கரைப் பொங்கல் வரிசையிலேயே தொடங்கிவிடும். “இன்டர்வியூ என்னாச்சும்மா?” “இந்த வருஷம் இல்லையா? பரவால்ல, நர்சிங் பண்ணலாமே.” “குழந்தையும் வெச்சிக்கிட்டு எதுக்கு இவ்ளோ ஸ்ட்ரெஸ்?” யாரும் கெட்ட மனசோடு கேட்பதில்லை. கேட்டுவிட்டுப் பொங்கலில் கூட ஒரு கரண்டி எனக்காகச் சொல்லி வாங்கித் தருகிறவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் இன்னும் டாக்டர் ஆகாதவளாக நின்று பதில் சொல்ல வேண்டும். இந்தக் கஃபேயில் அப்படி யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நான் சின்ன வகுப்புகளுக்கும் நல்ல உடற்கூறியலுக்கும்தான் இங்கே வர நினைக்கிறேனா, இல்லை இந்தக் காபிக்கா என்று ஒரு கேள்வி உள்ளே விழுந்தது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம், மகள் தூங்குவதற்கு முன்பு, தங்கியிருந்த மோட்டலிலிருந்து வீடியோவில் அழைத்தேன். கணவர் போனை அவள் பக்கம் திருப்பினார்.

“யாரு பாரு! அம்மா!”

ஓடி வந்தாள். நான் கையை நீட்டுவதுபோல முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன். அவள் சட்டென்று நின்றாள். இரண்டடி பின்னால் போனாள். பட்டை எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடிப் பார்த்துவிட்டு, அதன்மேல் கால்விரல்களை வைத்துக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“குளிச்சாச்சா?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழம குட்டி,” என்றார் கணவர். “அம்மா கிளாஸ் போகல. ஊருக்குப் போயிருக்கா. வா, அம்மாவுக்கு முத்தம் குடு.”

அவள் தலையை ஆட்டினாள். “நோ. நாட் குளிச்சாச்சு.”

கணவர் சிரித்தார். எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அவள் கிழமையை வைத்துக் கணக்குப் போடவில்லை. அம்மா கண்ணுக்குத் தெரிகிறாள், ஆனால் தொட முடியவில்லை. அப்படியென்றால் அம்மா இன்னும் குளிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு வேறு காரணம் கிடையாது.

“இருடா, அம்மா குளிச்சிட்டு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய் அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈரத்தலையோடு ஓடி வந்து மறுபடி அழைத்தேன். உச்சந்தலை தெரியும்படி குனிந்து காட்டினேன்.

“பாரு, ஈரம். குளிச்சாச்சு.”

அவள் பட்டையைவிட்டு இறங்கி ஓடி வந்தாள். திரையில் என் தலையைத் தடவினாள். அவள் உள்ளங்கை பெரிதாகத் திரையை மூடிக்கொண்டது. பிறகு கையை எடுத்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. போனின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே அப்பாவின் கைதான் இருந்தது. மறுபடி முன்பக்கம் வந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“வெளிய வா, அம்மா.”

தமிழில்தான் சொன்னாள். நான் கேட்க எத்தனையோ நாள் காத்திருந்த இரண்டாவது தமிழ் அது. கணவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “தூக்கம் வந்துடுச்சு அவளுக்கு. நான் பாத்துக்கறேன். நீ தலைய துவட்டு, சளி பிடிக்கப் போகுது” என்றார்.

மறுநாள் விமானத்தில் உட்கார்ந்து எனக்குள் நானே வாதம் செய்துகொண்டு வந்தேன். மூன்று வயதுக் குழந்தை ஒன்று சொன்னதற்காகப் படிப்பை முடிவு செய்வதா? இந்த ஊரில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வந்து வேலை செய்யவில்லையா? அவர்கள் அம்மாக்கள் இல்லையா? ஒரு வருடம். அவளுக்கு நினைவிருக்கக்கூடப் போவதில்லை. சரி, எனக்கு? எனக்கு நினைவிருக்கும். ஆனால் எனக்கு நினைவிருப்பது ஒரு காரணமா? இப்படியே ஆக்லாந்து வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை, பட்டை எதுவும் குறுக்கே வரவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கணவரோடு பேசினேன்.

“ஒரு வாரம் அழுவா. அப்பறம் பழகிடுவா,” என்றார்.

“அதாங்க பயமா இருக்கு.”

“எது?”

“பழகிடுவாங்கறது.”

அவர் என் பையை உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார். “நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாம சொல்லு. நீ போகாம இருந்து, நாளைக்கு இங்கயும் சீட் கிடைக்கலன்னு வை. அப்ப இவள பாக்கும்போதெல்லாம், இவளாலதான் போச்சுன்னு நினைப்பியா?”

அந்தக் கேள்வியைத்தான் நானும் விமானம் முழுக்கத் தள்ளிவைத்துக்கொண்டு வந்தேன். மகள் என் காதணியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவளுக்காக மட்டும் போகாம இருந்தா நினைப்பேன்,” என்றேன். “உண்மையத்தான் சொல்றேன். ஆனா நான் போக நெனச்சதே படிப்புக்காக மட்டும் இல்லங்க. அங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுக்காகவும்தான். பட்டத்த எங்க முடிச்சாலும் ரெண்டு ஊருக்குமே அப்ளை பண்ணலாம். அது எனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியுமா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“எனக்கே நான் சொல்லிக்கல.”

“அடிப்பாவி. பொங்கல் வரிசைக்குப் பயந்தா தென்துருவம் பக்கம் ஓடப் பாத்த?”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா வரிசைல உனக்குப் பதிலா நான் நின்னிருப்பேனே. ‘இன்டர்வியூ என்னாச்சு’ன்னு என்னைக் கேக்கட்டும். ‘பொங்கல்ல நெய் கம்மி’ம்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதினேன். அனுப்பும் முன் மூன்று முறை படித்தேன். அனுப்பிய பிறகும் ஒருமுறை படித்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று அன்றே பலமுறை யோசித்தேன். இப்போது இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். மருத்துவம் முடிக்கும்வரை இவளிடம் ‘இருடா, வந்துடறேன், இருடா, வந்துடறேன்’ என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கப் போகிறேன். கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருக்கப் போகிறாள். அதை என்னால் மாற்ற முடியாது. கதவு ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று மட்டும்தான் முடிவு செய்தேன்.

அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. “அதானே பாத்தேன். சேந்த காலேஜ்லயே முடிக்கறதுதான் மரியாதை. சரி, அந்த எக்ஸ்ரே பாத்தியா? மாமி தெனமும் கேக்கறாங்க.”

அக்காவிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, “நல்லதுதான் பிள்ளை. தாயோட நிக்கிறது நல்லது” என்றார். பிறகு உள்ளே போய் மஞ்சள் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“அப்ப இதை நீ கொண்டு போ. இஞ்சை சும்மா கிடந்து என்ன செய்யிறது?”

“வேணாக்கா. உங்க வீட்டிலயே இருக்கட்டும். வியாழக்கிழமை எனக்கு சாயங்காலம் வரைக்கும் லேப் இருக்கு. அன்னிக்கு இவளை வெச்சிக்குவீங்களா?”

“வச்சிருப்பன், அதுக்கென்ன?” என்றவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாதி போய்த் திரும்பினார். “கதிரை உங்கட வீட்டிலையே நிக்கட்டும். வரேக்கை தூக்கிக்கொண்டு வரட்டும். அவளுக்கும் ஒரு வேலை வேணுமே.” அப்படியே நடந்தது. வியாழக்கிழமைகளில் என் மகள் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள், வேலைக்குப் போகிறவள் மாதிரி.

அக்டோபரில் உடற்கூறியலின் கடைசிப் புதன்கிழமை வந்தது. மேசையில் இருந்தவருக்கு மனசுக்குள் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவருகே வந்தேன். கிண்ணத்தின் முன் அன்று கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள். நெற்றியிலும் உச்சியிலும் கைகளிலும் தெளித்துக்கொண்டேன். இது போதும் என்று இந்த மண்ணின் மனிதர்கள் எத்தனை தலைமுறையாக நம்பியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் போதாது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். லேபிலேயே கோட்டைக் கழற்றிக் கைகளை முழங்கைவரை கழுவியாகிவிட்டது. மாற்றுடையும் கொண்டுபோய் அங்கேயே மாற்றியிருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். ஓடி வந்தாள். பட்டை. கால்விரல்கள்.

“குளிச்சாச்சா?”

“ஆச்சு,” என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் அவள் முன்னால் குனிந்தேன். தலையைத் தொட்டுப் பார்த்தாள். பஸ் ஹீட்டரில் எல்லாம் காய்ந்துபோயிருந்தது.

“நாட் வெட்,” என்றாள் கண்டிப்பாக.

“அங்கயே தண்ணி தெளிச்சிக்கிட்டேன்டா.”

“நாட் வெட், அம்மா.”

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபமோ என்று நினைத்தேன். மஞ்சள் நாற்காலி கார்ப்பெட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. அதைக் கொண்டுவந்து பட்டைக்கு அந்தப் பக்கம் போட்டாள். கிண்டிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

“டவுன்,” என்றாள்.

குனிந்தேன். மிச்சமிருந்த தண்ணீரைக் கவனமாக, ஒரு பக்கம்கூட விட்டுப்போகாமல் என் தலையில் ஊற்றினாள். கழுத்து வழியாக முதுகுக்குள் சில்லென்று இறங்கியது. நான் ஆ என்றதற்கு “ஷ்ஷ்” என்றாள், நான் அவளுக்குத் தலைக்கு ஊற்றும்போது சொல்வதைப் போலவே. பாட்டில் காலியானதும் அதைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் தலையைத் தேய்த்துப் பார்த்தாள்.

“குளிச்சாச்சு,” என்றாள் தனக்குத்தானே.

பிறகு நாற்காலியிலிருந்து அப்படியே என் மேல் தாவினாள். கார்ப்பெட்டெல்லாம் ஈரம். ஹாலிலிருந்து, “என்ன சத்தம்?” என்று கணவர் கேட்டார். “ஒண்ணும் இல்லங்க, வந்துட்டேன்,” என்றேன்.